ரவுட்டரைத் தாண்டினால் வீலேன் எண் என்ன ஆகிறது?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு கேள்வி: கோலாலம்பூர்த் தலைமையகத்தில் கணக்குப் பிரிவுக்கு வீலேன் (ஒரே கருவிகளில் பிரித்து வைத்த தனி வலை) 10. பினாங்கின் பாயான் லெப்பாஸ் கிளையிலும் அதே 10. நடுவில் ரவுட்டர்கள். இரண்டும் ஒரே வீலேன்தானே அண்ணா?

இல்லை தம்பி. எண்தான் ஒன்று, வீலேன் இரண்டு. கணினிகளை இணைக்கும் சுவிட்ச், பல வீலேன்கள் சேர்ந்து போகும் டிரங்க் இணைப்பில் அனுப்பும் ஃபிரேமில் (பாக்கெட்டைச் சுற்றிய உறை), அனுப்புநரின் மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் முகவரி) அடுத்து, 4 பைட் டேக் ஒன்றைச் செருகுகிறது. அதில் 12 பிட் வீலேன் எண். ரவுட்டரோ ஃபிரேமையே கழற்றிவிட்டு, உள்ளிருக்கும் ஐபி பாக்கெட்டை மட்டும் எடுத்து, அடுத்த இணைப்புக்கு ஏற்ற புது ஃபிரேமில் அனுப்புகிறது. உங்கள் 10 அங்கேயே உதிர்ந்துவிடும்.

எண் ஒன்றாக இருப்பதில் கெடுதல் இல்லை. ஐபி வலை, அதாவது ஐபி முகவரிகளின் வரம்பு, ஒன்றாக இருக்கவே கூடாது. இரு ஊரிலும் 192.168.10.0/24 வைத்தால், கோலாலம்பூர்க் கணினி பினாங்குக் கணினியைத் தன் சுவிட்சிலேயே தேடும். ரவுட்டரிடம் பாக்கெட் போகவே போகாது. பினாங்குக்கு 192.168.110.0/24 கொடுங்கள்.

பட்டர்வொர்த்: தலைமையக டிஎச்சிபி சர்வரிலிருந்து (கணினிகளுக்கு ஐபி முகவரி தருவது) கிளைக்கு முகவரி வருவதில்லை.

கணினி முகவரி கேட்பது பிராட்காஸ்டில், அதாவது தன் வலையில் உள்ள எல்லோரையும் நோக்கி. ரவுட்டர் அதைக் கடத்தாது. கிளை ரவுட்டரில் டிஎச்சிபி ரிலே (அந்தக் கோரிக்கையைச் சர்வருக்குக் கடத்தும் வசதி) அமையுங்கள், சர்வரில் கிளைக்கென முகவரித் தொகுப்பும் வையுங்கள்.

செந்தூல்: வீட்டு யூனிஃபை (டிஎம் இணையச் சேவை) ரவுட்டரில் வீலேன் 500 என்று இருக்கிறதே, அது இணையம் முழுக்கப் போகுமா?

போகாது. அது உங்கள் ரவுட்டருக்கும் சேவை நிறுவனத்தின் கருவிக்கும் இடையே மட்டும்.

பங்சார்: விருந்தினர் வைஃபைக்குத் தனி வீலேன் போட்டாயிற்று. பாதுகாப்புக்கு அது போதுமா?

போதாது. தயவுசெய்து இதை அலட்சியப்படுத்தாதீர்கள். இரண்டு வீலேனும் ஒரே ரவுட்டரில் முடிந்தால், தடை விதி எழுதாதவரை பெரும்பாலும் அது இரண்டையும் இணைத்தே வைக்கும். விருந்தினர் வலையிலிருந்து உள் வலைகளுக்குப் போகும் வழியை முதலில் அடைத்துவிடுங்கள்.

ஜார்ஜ் டவுன்: எங்கள் பழைய இயந்திரங்கள் ஒரே வீலேனில் இருந்தால்தான் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும். ரவுட்டர்களைத் தாண்டி வீலேனை நீட்ட முடியுமா?

முடியும். 2014இல் ஆர்எஃப்சி 7348 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளிவந்த விஎக்ஸ்லேன், முழு ஈதர்நெட் ஃபிரேமையும் யூடிபி (ஐபி மேல் தரவு அனுப்பும் எளிய முறை) பாக்கெட்டுக்குள் வைத்து 4789 போர்ட்டுக்கு அனுப்புகிறது. இதன் வலை எண்ணும் 24 பிட். ஆனால் ஐபிவி4 வழியில் 50 பைட் கூடுதல் சுமை. இடைவழியில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500 பைட் மட்டுமே என்றால், பிங் (சிறு சோதனைப் பாக்கெட்) அழகாகப் போகும், பெரிய கோப்பு நகலெடுக்கும்போது பாதியில் நிற்கும். வழியில் 1550க்கு மேல் வாங்குங்கள்; முடியாவிட்டால் இயந்திரங்களில் 1450ஆகக் குறையுங்கள்.

அந்த இயந்திரங்களை மட்டும் நீட்டுங்கள், அலுவலகம் முழுவதையும் வேண்டாம். நீட்டிய வீலேனில் பினாங்கில் ஒரு கேபிள் தவறாக வளையமாக (லூப்) இணைந்துவிட்டால், பிராட்காஸ்ட் வெள்ளம் கோலாலம்பூரையும் சேர்த்து முடக்கும்.