அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் முதல் கறுப்பினச் சபைகள்: கேள்வி பதில்

கே: ஐயா, கறுப்பினத் தலைவர்களான ரிச்சர்ட் ஆலனும் அப்சலம் ஜோன்சும், வெள்ளையர் நடத்திய செயிண்ட் ஜார்ஜ் மெத்தடிஸ்ட் (ஒரு புராட்டஸ்டண்ட் பிரிவு) ஆலயத்தை விட்டு வெளியேறியது 1787 என்கிறார்கள், 1792 என்கிறார்கள். கட்டுரையில் எதைப் போடுவது?

ப: 1792 வாக்கில் என்று போடுங்கள், 1787 என்பது சபை மரபு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கறுப்பினத்தவரை மேல்மாடத்துக்குப் போகச் சொன்னதில்தான் தகராறு வெடித்தது. அந்த மேல்மாடம் கட்டப்பட்டதே 1792-இல்தான் என்பது ஆலயக் கணக்கேடுகளிலிருந்து தெரிகிறது. ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே முழங்காலில் இருந்த ஜோன்சை டிரஸ்டி ஒருவர் பிடித்துத் தூக்கினார். ஜெபம் முடியட்டும் என்றார் ஜோன்ஸ். முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக வெளியேறினார்கள். அந்த மேல்மாட வேலைக்கு அவர்களும் பணமும் உழைப்பும் கொடுத்திருந்தார்கள் என்பதையும் விடாமல் எழுதுங்கள்.

கே: அப்படியானால் வெளியேறிய பிறகுதானே சுதந்திர ஆப்பிரிக்கச் சங்கம் தொடங்கியது?

ப: இல்லை. இந்தத் தவறு பல இடங்களில் இருக்கிறது. சங்கம் 1787 ஏப்ரல் 12-லேயே தொடங்கிவிட்டது. அது சபை அல்ல, பரஸ்பர உதவிச் சங்கம். மாதச் சந்தா வெள்ளிக்காசில் ஒரு ஷில்லிங். ஓராண்டு கட்டிய பிறகு, கஷ்டப்படும் உறுப்பினருக்கு வாரம் 3 ஷில்லிங் 9 பென்ஸ். ஆனால் அந்தக் கஷ்டம் அவராகத் தேடிக்கொண்டதாக இருக்கக் கூடாது. மூன்று மாதம் சந்தா பாக்கி வைத்து, எச்சரித்த பிறகும் தகுந்த காரணமில்லாமல் அடுத்த கூட்டத்திலும் கட்டாவிட்டால் பெயர் நீக்கம். குடிகாரர்களுக்கு இடமில்லை. விதவைகளுக்கும் உதவி உண்டு. எழுத்தரும் பொருளாளருமாக ஒரு குவேக்கர் இருந்தார்; மௌன ஆராதனைக்குப் பேர்போன கிறிஸ்தவப் பிரிவு அது. நாளடைவில் கூட்டங்களே குவேக்கர் பாணியில் மௌனமாக நடக்க ஆரம்பித்தன. மெத்தடிஸ்ட் பிரசங்கியான ஆலனுக்கு அது ஒத்துவரவில்லை, 1789-இல் விலகினார்.

கே: பிறகு ஏன் ஒரே ஆலயமாகக் கட்டாமல் இரண்டாகப் பிரிந்தார்கள்?

ப: வெளியேறியவர்கள் எந்தத் திருச்சபையோடு சேர்வது என்று வாக்கெடுத்தபோது பெரும்பான்மை எபிஸ்கோபல் (இங்கிலாந்து திருச்சபை வழிவந்த அமெரிக்கச் சபை) பக்கம் போனது. மெத்தடிஸ்ட் என்றவர்கள் ஆலனும் ஜோன்சும் மட்டுமே. ஜோன்ஸ் பெரும்பான்மையோடு சேர்ந்தார். அவர்களுடைய செயிண்ட் தாமஸ் ஆப்பிரிக்க ஆலயம் 1794 ஜூலை 17-இல் திறக்கப்பட்டது. ஆலனோ, கூட்டு ஆலயத்துக்காக ஆறாம் தெருவும் லொம்பார்டு தெருவும் சேரும் இடத்தில் பேசி முடித்திருந்த மனையைத் தானே வைத்துக்கொண்டார். பழைய கொல்லர் பட்டறை ஒன்றை வாங்கி, குதிரை பூட்டி அங்கே இழுத்துவந்து ஆலயமாக்கினார். அதுதான் பெத்தேல். 1794-இல் மெத்தடிஸ்ட் பிஷப் பிரான்சிஸ் ஆஸ்பரி பிரதிஷ்டை செய்தார்.

கே: எபிஸ்கோபல் சபை சமமாக ஏற்றுக்கொண்டதா?

ப: பாதி. செயிண்ட் தாமஸ் நிர்வாகம் கறுப்பினத்தவர் கையில். ஜோன்சுக்குக் கிரேக்கம், லத்தீன் தேர்விலிருந்து விலக்கு. 1795-இல் டீக்கன் (குருவுக்கு முந்தைய படி) ஆனார், பின்னர் குருப்பட்டமும் பெற்றார். அந்த விலக்குக்கு விலை, மறைமாவட்ட மாநாட்டில் இடமில்லை என்பது. 1860-கள் வரை அது நீடித்தது.

கே: 1793 மஞ்சள் காய்ச்சலில் கறுப்பினத்தவர் கொள்ளை லாபம் பார்த்தார்கள் என்று அப்போதே எழுதினார்களாமே?

ப: மேத்யூ கேரி என்ற பதிப்பாளர் எழுதினார். கறுப்பினத்தவரை இந்த நோய் தாக்காது என்ற தவறான நம்பிக்கையில்தான் டாக்டர் பெஞ்சமின் ரஷ் அவர்களை உதவிக்குக் கூப்பிட்டார், அவர்களும் செத்தார்கள். கேரிக்கு ஜோன்சும் ஆலனும் 1794-இல் ஒரு சிறுநூலில் பதில் சொன்னார்கள். அதில் கணக்கைப் பாருங்கள் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). வரவு 233 பவுண்டு 10 ஷில்லிங் 4 பென்ஸ். செலவில் சவப்பெட்டிக்கு 33 பவுண்டு. ஐந்து ஆட்கள் கூலி, மூவருக்கு 70 நாள், இருவருக்கு 63 நாள், நாளுக்கு 22 ஷில்லிங் 6 பென்ஸ்: 378 பவுண்டு. கூட்டினால் 411. கைநஷ்டம் 177 பவுண்டு 9 ஷில்லிங் 8 பென்ஸ். பெருக்கிப் பாருங்கள், பென்ஸ் பிசகாது. கேரிக்கு இதைவிட நல்ல பதில் எதுவும் இல்லை என்பேன்.

கே: சொத்து வழக்கு என்கிறார்களே, அது என்ன?

ப: மேல்மாடச் சம்பவத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள், என்னைக் கேட்டால் உண்மையான சண்டை பத்திரத்தில்தான். 1796-இல் பெத்தேலைப் பதிவு செய்ய வெள்ளை மெத்தடிஸ்ட் போதகர் எசேக்கியேல் கூப்பர் பத்திரம் எழுதிக் கொடுத்தார். கட்டடம் மெத்தடிஸ்ட் கான்பரன்சுக்கு, அதாவது அந்தத் திருச்சபையின் ஆளும் மன்றத்துக்கு, போகும்படி அதில் வாசகம் இருந்தது. பெத்தேல்காரர்களுக்கு அது பின்னால்தான் தெரிந்தது. 1807-இல் சபை ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு துணைவிதி போட்டு, அதிகாரத்தை டிரஸ்டிகளிடம் கொண்டுவந்தார்கள். எதிர்த்தரப்பு விடவில்லை. 1815-இல் கட்டடமே ஏலத்துக்கு வந்தது. சொந்த ஆலயத்தை ஆலன் 10,125 டாலருக்கு ஏலம் எடுத்தார். 1816 தொடக்கத்தில் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் பெத்தேல் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பால்டிமோர், வில்மிங்டன் முதலிய ஊர்ச் சபைகளின் பிரதிநிதிகள் கூடி ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் எபிஸ்கோபல் (ஏ.எம்.இ.) திருச்சபையைத் தனியாக அமைத்தார்கள். முதலில் பிஷப்பாகத் தேர்வானவர் பால்டிமோரின் டேனியல் கோக்கர். அவர் மறுக்கவே ஆலன் பிஷப் ஆனார்.

கே: பெண்கள் பிரசங்கிக்க முடிந்ததா?

ப: ஜெரினா லீ என்ற பெண் முதலில் அனுமதி கேட்டபோது, திருச்சபைச் சட்டத்தில் இடமில்லை என்று ஆலன் மறுத்தார். 1819 வாக்கில் பெத்தேல் ஆராதனையில், பிரசங்கி தடுமாறி நின்றபோது லீ எழுந்து அதே வசனத்தில் பேசினார். வெளியேற்றுவார்கள் என்று பயந்தார். ஆலன் அவருக்காகப் பேசினார். ஆனால் குருப்பட்டம் தரவில்லை.

கே: நாட்டின் முதல் கறுப்பினச் சபை பெத்தேல்தானே?

ப: அப்படி எழுதாதீர்கள். ஜார்ஜியாவின் சவானாவில் ஆண்ட்ரூ பிரையனின் பாப்டிஸ்ட் சபை 1788-லேயே இருக்கிறது. பெத்தேலின் தனிச்சிறப்பு மனைதான்: அதே மனை கறுப்பினத்தவர் கையைவிட்டு ஒருநாளும் போனதில்லை. இப்போது நிற்பது அங்கே எழுந்த நான்காவது கட்டடம். ஆலனின் கல்லறை அதன் அடித்தளத்தில் இருக்கிறது. சபையின் பழைய இடுகாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் குயீன் தெருவுக்குப் போக வேண்டும். அதன்மேல் விளையாட்டுத் திடல் வந்துவிட்டது.