நாஷுவாவில் சட்டப்படி, லோவெலில் குற்றம்: கிரீன் கார்டும் கைத்துப்பாக்கியும்

கேள்வி: நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் நாஷுவாவில் குடும்பத்தோடு இருக்கிறேன். 14 வருடம் எச்-1பி வேலை விசாவில் இருந்த பிறகு, ஏழு மாதம் முன்புதான் எனக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு வந்தது. பக்கத்து வீட்டில் திருட்டு நடந்ததும் பயந்துபோய், இங்கே ஒரு கடையில் 15 குண்டு கொள்ளும் மேகசினோடு (தோட்டா அடைக்கும் உறை) ஒரு பிஸ்டல் வாங்கினேன். வேலை மாசசூசெட்ஸில், லோவெலில். இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாகத்தான் கார் ஓட்டி வருகிறேன். மகளின் தமிழ்ப் பள்ளி, ஆஷ்லண்ட் லட்சுமி கோயில் எல்லாமே எல்லைக்கு அந்தப் பக்கம்தான். துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்ல மாசசூசெட்ஸ் வெளிமாநிலத்தவருக்குக் கொடுக்கும் கேரி லைசென்ஸ் எனக்குக் கிடைக்குமா? யூட்டா மாநில லைசென்ஸ் ஒன்று வாங்கினாலே போதும் என்கிறார் நண்பர். மே மாதம் அப்பா விசிட்டர் விசாவில் வருகிறார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரை ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூட்டிப் போகலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இருந்த ஒரு வரியை நான் இங்கே வெளியிடவில்லை. எது என்று உங்களுக்குத் தெரியும். அதை இனி யாருக்கும் எழுதாதீர்கள், வாட்ஸ்அப்பிலும் சொல்லாதீர்கள். பேச வேண்டுமென்றால் நீங்கள் அமர்த்திக்கொள்ளும் வழக்கறிஞரிடம் மட்டும், நேரில் பேசுங்கள். இன்றிலிருந்து, லைசென்ஸ் கைக்கு வரும் வரை, அந்தப் பிஸ்டல் நாஷுவா வீட்டை விட்டு மாசசூசெட்ஸ் பக்கம் போகவே கூடாது.

லைசென்ஸ் கிடைக்குமா என்றால், கிடைக்கும். ஆனால் அது இல்லாமல் எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் பலர் இதை ஃபைன் கட்டி முடிக்கிற விஷயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நியூ ஹாம்ப்ஷயரில் 2017 முதல், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தகுதி உள்ளவர் அதை மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸ் தேவையில்லை. அதனால் நாஷுவாவில் நீங்கள் செய்தது எதுவும் மாநிலச் சட்டப்படி தப்பில்லை. ரூட் 3-இல் தெற்கே சில நிமிடம் ஓட்டினால் டிங்ஸ்பரோ. அங்கே சட்டம் தலைகீழ். மாசசூசெட்ஸில் லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி வைத்திருந்து தண்டிக்கப்பட்டால், குறைந்தது 18 மாதம் உள்ளே இருந்தே ஆக வேண்டும். முதல் குற்றம், நல்ல மனிதர், வேலையில் இருப்பவர் என்று சொல்லி அதற்குக் கீழே குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. எல்லை எவ்வளவு மெல்லியது என்பதற்கு உங்கள் ஊர் ஃபெசன்ட் லேன் மாலே போதும். கட்டடம் நாஷுவாவில் இருக்கிறது, பார்க்கிங்கில் ஒரு பகுதி மாசசூசெட்ஸில் இருக்கிறது.

அமெரிக்கக் குடிமகனுக்கு இது 18 மாதத்தோடு முடியலாம். உங்களுக்கு முடியாது. குடியேற்றச் சட்டத்தில் துப்பாக்கிக்கென்றே ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. சட்டத்தை மீறித் துப்பாக்கி வாங்கியது, விற்றது, வைத்திருந்தது, எடுத்துச் சென்றது என்று எதற்காகத் தண்டனை பெற்றாலும், கிரீன் கார்டு வைத்திருப்பவரை நாடு கடத்த அது காரணமாகலாம். துப்பாக்கியைச் சுட்டிருக்க வேண்டாம், யாரையும் மிரட்டியிருக்க வேண்டாம், கார் டேஷ்போர்டில் இருந்தாலே போதும்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. மாசசூசெட்ஸ் கோர்ட்டுகளில் சிறு வழக்குகளை, தீர்ப்பு எழுதாமல் தள்ளிவைத்து, நன்னடத்தைக் காலம் முடிந்ததும் மூடிவிடும் ஒரு வழக்கம் உண்டு. கேஸ் டிஸ்மிஸ் ஆகிவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். ஆனால் உண்மைகளை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் கண்காணிப்பையும் ஏற்றிருந்தால், குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அது தண்டனைதான். பல வருடம் கழித்து, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, அல்லது சென்னை போய்த் திரும்பும்போது ஏர்போர்ட்டில் அது எழுந்து நிற்கும். குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடு கடத்தும் ஆபத்து வருமா என்பதைக் கட்சிக்காரருக்கு வழக்கறிஞர் சொல்லியே ஆக வேண்டும் என்று 2010-இல் படீயா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே யாராவது ஏற்கெனவே மாட்டியிருந்தால், எதிலும் கையெழுத்துப் போடுமுன் கிரிமினல் வழக்கறிஞரோடு ஒரு இமிக்ரேஷன் வழக்கறிஞரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சரி, இப்போது லைசென்ஸுக்கு வருவோம்.

கிரீன் கார்டு இருந்தால் மாசசூசெட்ஸ் மறுக்காதா என்ற பயம் வேண்டாம். முன்பு மறுத்தார்கள். நிரந்தரவாசிகளுக்குக் கேரி லைசென்ஸ் இல்லை என்றே அந்த மாநிலச் சட்டம் இருந்தது. 2012-இல் ஃப்ளெட்சர் வழக்கில் பாஸ்டனில் உள்ள பெடரல் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று சொன்னது. அப்புறம் 2022 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் புரூயன் தீர்ப்பு வந்தது. துப்பாக்கி எடுத்துச் செல்ல விசேஷக் காரணம் காட்ட வேண்டும் என்று இனி எந்த மாநிலமும் கேட்க முடியாது. மாசசூசெட்ஸும் அந்த ஆகஸ்டிலேயே தன் சட்டத்தைத் திருத்தியது.

2025 மார்ச்சில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் கொடுத்த இரண்டு தீர்ப்புகள் உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதியது போல இருக்கும். டானல், மார்க்விஸ் என்ற இரண்டு வழக்குகள். இருவரும் நியூ ஹாம்ப்ஷயர்காரர்கள், மாசசூசெட்ஸ் லைசென்ஸ் இல்லாமல் பிஸ்டலோடு உள்ளே வந்தவர்கள். டானல் பிடிபட்டது திருத்தத்துக்கு முந்தைய பழைய சட்டம் நடப்பில் இருந்தபோது. கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் இஷ்டம் என்றிருந்த அந்தச் சட்டம் செல்லாது என்பதால் அவர் தப்பினார். மார்க்விஸ் மாட்டியது திருத்தத்துக்குப் பிறகு. சாலை விபத்து ஒன்றுக்கு வந்த போலீஸிடம் தன்னிடம் பிஸ்டல் இருப்பதை அவரே சொன்னார். புதிய சட்டப்படி தகுதி உள்ளவருக்கு லைசென்ஸ் கொடுத்தே ஆக வேண்டும், ஆகவே வெளிமாநிலத்தவரும் முதலில் வந்து விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை என்றது நீதிமன்றம். என் மாநிலத்தில் இது சட்டப்படி சரி என்ற வாதம் எடுபடவில்லை. அதே சாலைகளில்தான் நீங்களும் தினமும் போய் வருகிறீர்கள்.

விண்ணப்பம் உள்ளூர் போலீஸுக்குப் போகாது. பாஸ்டனுக்குப் பக்கத்தில் செல்சியில் உள்ள ஃபயர்ஆர்ம்ஸ் ரெக்கார்ட்ஸ் பீரோவுக்குப் போகும். முதல் தடவை நேரில் போய்ப் போட்டோவும் கைரேகையும் கொடுக்க வேண்டும். கட்டணம் 100 டாலர், மறுத்தாலும் திரும்ப வராது. கிரீன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் மூன்றையும் கொண்டு போங்கள். பயிற்சி வகுப்பு மாசசூசெட்ஸ் அங்கீகரித்ததாக இருக்க வேண்டும். எங்கேயோ மலிவாகக் கிடைக்கும் ஆன்லைன் சான்றிதழோடு போய் அலையாதீர்கள், பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள். இந்த லைசென்ஸ் ஒரு வருடத்துக்குத்தான். காலாவதி தேதிக்குப் பல மாதம் முன்பே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள். தேதி தாண்டிய லைசென்ஸோடு எல்லை தாண்டி வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

படிவத்தில் இரண்டு இடத்தில் மிகக் கவனம் தேவை. ஒன்று, குடியுரிமைக் கேள்வி. அவசரத்தில் அமெரிக்கக் குடிமகன் என்ற கட்டத்தில் டிக் போட்டவர்கள் உண்டு. குடிமகன் அல்லாதவர் தன்னைக் குடிமகன் என்று பொய்யாகச் சொன்னால், அதுவே தனியாக நாடு கடத்தக் காரணம், அதற்கு மன்னிப்பும் ஏறக்குறைய இல்லை. பிஸ்டல் வாங்கியபோது கடையில் நீங்கள் நிரப்பிய பெடரல் படிவம் 4473-க்கும் இது பொருந்தும். அதன் நகல் உங்களிடம் இல்லாவிட்டாலும், என்ன டிக் போட்டீர்கள் என்று நிதானமாக நினைத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் அடுத்த அடி வைக்குமுன் வழக்கறிஞரைப் பாருங்கள். இரண்டாவது, பழைய வழக்குகள் பற்றிய கேள்வி. குடித்துவிட்டு ஓட்டியதற்கு மாசசூசெட்ஸில் முதல் தடவையே இரண்டரை ஆண்டு வரை சிறை விதிக்கலாம். இரண்டு ஆண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டனை பெற்றிருந்தால் லைசென்ஸ் கிடைக்காது. அதனால் டிராஃபிக் கேஸ்தானே என்று எதையும் விட்டுவிடாதீர்கள். மறைத்தது தெரிந்தால், இருந்த வழக்கைவிட மறைத்ததுதான் பெரிய பிரச்சினையாகும்.

லைசென்ஸ் வந்த பிறகும் அந்த 15 குண்டு மேகசின் நாஷுவாவிலேயே இருக்கட்டும். மாசசூசெட்ஸில் 10 குண்டுக்கு மேல் கொள்ளும் மேகசின் தனிக் குற்றம், உங்கள் லைசென்ஸ் அதைக் காப்பாற்றாது. 10 குண்டு மேகசின் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலக வாசலில் காரை விட்டுப் போகும்போது சீட்டுக்கு அடியில் செருகிவிட்டுப் போவதும் கூடாது, பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். உங்கள் கம்பெனி துப்பாக்கியைத் தன் வளாகத்தில் அனுமதிக்கிறதா என்பதையும் வேலை விதிகளில் பாருங்கள். வேலை போனால் லைசென்ஸ் வந்து சாப்பாடு போடாது.

யூட்டா லைசென்ஸ் பற்றி உங்கள் நண்பர் சொன்னது நல்லெண்ணத்தில்தான் இருக்கும். பல மாநிலங்கள் அதை ஏற்கின்றன என்பது உண்மை. கேரி விஷயத்தில் மாசசூசெட்ஸ் வேறு எந்த மாநிலத்தின் லைசென்ஸையும் தன்னுடையதற்குச் சமமாக ஏற்பதில்லை. குண்டை வெளியே எடுத்துவிட்டு, டிக்கியில் பூட்டி வைத்தால் பெடரல் சட்டம் பாதுகாக்கும் என்றும் சிலர் சொல்வார்கள். அந்தச் சட்டம், துப்பாக்கி வைத்திருக்க உரிமை உள்ள ஓர் இடத்திலிருந்து அதே உரிமை உள்ள இன்னொரு இடத்துக்கு, நடுவில் ஒரு மாநிலத்தைக் கடந்து போகிறவருக்கானது. லோவெல் ஆபீஸ் உங்களுக்கு நடுவழி இல்லை, அதுதான் போய்ச் சேரும் இடம்.

தமிழ்ப் பள்ளியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எனக்கு அதுதான் அதிகக் கவலை. நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பல, அரசுப் பள்ளிக் கட்டடங்களை வாடகைக்கு எடுத்து நடக்கின்றன. மாசசூசெட்ஸில் கேரி லைசென்ஸ் இருந்தாலும் பள்ளிக் கட்டடத்திலும் வளாகத்திலும் துப்பாக்கி எடுத்துச் செல்ல முடியாது. வாரநாளா, சனிக்கிழமையா என்று சட்டம் பார்ப்பதில்லை. மகளை இறக்கிவிடப் போகும் நாளில் பிஸ்டல் வீட்டிலேயே இருக்கட்டும்.

இதே விஷயம் நாஷுவாவிலும் உண்டு. பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது பெடரல் சட்டம். அந்த மாநிலமே கொடுத்த லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. லைசென்ஸ் தேவையில்லை என்று மாநிலம் சொல்லிவிட்டதால் லைசென்ஸே எடுக்காதவருக்கு அந்த விலக்கு இல்லை. ஊருக்குள் கார் ஓட்டினால் ஏதாவது ஒரு பள்ளியைத் தாண்டாமல் இருக்க முடியாது. ஆகவே, கட்டாயமில்லை என்றாலும், நியூ ஹாம்ப்ஷயர் லைசென்ஸை முதலில் எடுத்துவிடுங்கள். உள்ளூர் போலீஸில் 10 டாலர்தான், 14 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கோயில் மாசசூசெட்ஸின் தடைப் பட்டியலில் இல்லை. அரசு அலுவலகம், நீதிமன்றம், வாக்குச்சாவடி, கல்வி நிலையம் ஆகியவை அதில் இருக்கின்றன. ஆனாலும் அது தனியார் இடம், நிர்வாகம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். என்னைக் கேட்டால், குழந்தைகள் ஓடியாடும் பிரகாரத்துக்கு இடுப்பில் பிஸ்டலோடு போக வேண்டிய தேவை நமக்கு இல்லை.

கடைசியாக, அப்பா. இதற்குப் பதில் சொல்வது எனக்கே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் ஆசையாகக் கேட்டிருக்கிறீர்கள். விசிட்டர் விசா, மாணவர் விசா, எச்-1பி, எச்-4 போன்ற விசாக்களில் வந்தவர்கள் அமெரிக்காவில் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பது பெடரல் குற்றம். 2022-க்குப் பிறகு 15 ஆண்டு வரை சிறை. ரேஞ்சில் ஐந்து நிமிடம் வாங்கிச் சுடுவதும் வைத்திருப்பதுதான். தெரிந்தே எடுத்துக் கொடுத்தால் உங்கள் மேலும் வழக்கு வரும். அவர் இந்திய ராணுவத்தில் எத்தனை வருடம் துப்பாக்கி பிடித்திருந்தாலும் இங்கே அது கணக்கில் வராது. கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டு இஏடி (வேலை அனுமதி) கார்டோடு காத்திருக்கும் உங்கள் நண்பர்களுக்கும் சொல்லுங்கள், கார்டு கையில் வரும் வரை தொட வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. அதை வெளிமாநிலத்தவரும் வெளிநாட்டவரும் வாங்கலாம், ஆனால் அதற்கென்று பயிற்சித் தகுதி கேட்கும் மாநிலங்கள் உண்டு. அவர் நிஜமாகவே ஆசைப்பட்டால் அந்த வழியை முறையாக, அவர் வருமுன்பே விசாரித்து வையுங்கள். அது கையில் இல்லாமல் ரேஞ்ச் வாசலை மிதிக்க வேண்டாம்.

அவர் தங்கும் மாதங்களில் பிஸ்டல் சேஃபுக்குள் இருக்கட்டும். நம்பர் உங்களுக்கும் மனைவிக்கும் மட்டும் தெரிந்திருக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பிறந்தநாள் எண்ணாக அது இருந்தால், அவர் பாஸ்டனில் வந்து இறங்குமுன் மாற்றிவிடுங்கள்.