வாசிக்கச் சொன்னால் கை நடுங்குகிறது

மதிப்புக்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். வயது 41. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு கதை எழுதுவது பல வருடப் பழக்கம். நோட்டெல்லாம் பீரோவில் புடவைக்கு அடியில் கிடக்கிறது. வீட்டில் யாருக்கும் காட்டியதில்லை.

எங்கள் பகுதி நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறவர்கள் கூடுகிறார்கள். போன மாதம் தோழி கூட்டிப்போனாள். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். "நீங்களும் எழுதுவீங்களாம்மா?" என்று ஒரு பெரியவர் கேட்டதும், "இல்லைங்க, சும்மா கேக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் அதையே நினைத்து நினைத்து வெட்கமாகப் போய்விட்டது.

மறுபடி போக ஆசைதான். ஆனால் நாலு பேர் முன்னால் வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரலும் கையும் நடுங்கும். அங்கே பாதிப் பேர் ஆசிரியர்கள், நான் பிளஸ் டூ. என் பெரிய கதை என் நாத்தனாரைப் பற்றியது. குழுவில் ஒருவருக்கு அவரை நன்றாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேல், 'இது கதையே இல்லை' என்று யாராவது சொல்லிவிட்டால் எழுதுவதையே விட்டுவிடுவேனோ என்று பயம். என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி, சேலம்

அன்புச் சகோதரிக்கு,

போங்கள். தைரியம் வந்த பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். முதல் தடவை பகிர்கிறவரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் கூட்டத்தின் நடைமுறைதான். அது சரியாக இருந்தால் கூச்சமுள்ளவரும் வாசித்துவிடுவார். அது இல்லாத இடத்தில் நன்றாகப் பேசுகிறவரே நொந்து திரும்புவார்.

அடுத்த கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய், நடத்துகிறவரிடம் மட்டும் சொல்லுங்கள்: "நானும் எழுதுவேங்க. இன்னைக்குக் கேட்டுக்கறேன், அடுத்த மாசம் அஞ்சு நிமிஷம் குடுங்க." போன மாதம் 'இல்லை' என்று சொன்னதற்கு விளக்கம் எதுவும் வேண்டாம். அந்தப் பெரியவர் அதை நினைவில்கூட வைத்திருக்கமாட்டார். நமக்குப் பெரிதாகத் தெரியும் தடுமாற்றம் மற்றவர்கள் கண்ணில் அந்த அளவுக்குப் படுவதில்லை.

அன்றைக்குக் கேட்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். ஒருவருக்கு வாசிக்க ஐந்து நிமிடம், பேச்சுக்குப் பத்து நிமிடம் என்றால் இரண்டு மணி நேரத்தில் எட்டுப் பேருக்குத்தான் இடம். பன்னிரண்டு பேர் வருகிற இடத்தில் முறைவைப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் மூத்தவர் இரண்டு பேரே நேரத்தை எடுத்துக்கொள்வார்கள், கடைசி ஆள் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பாதியில் நிறுத்துவார். கருத்துச் சொல்கிறவர்கள் கதையைப் பற்றிப் பேசுகிறார்களா, எழுதியவரைப் பற்றிப் பேசுகிறார்களா என்று பாருங்கள். 'அந்த இடத்தில் யார் பேசுகிறார் என்று பிடிபடவில்லை' என்றால் அது உதவி. 'ஒரு பெண் இப்படி எழுதலாமா' என்பது உதவி அல்ல. நூலக வாசகர் வட்டங்கள் பலவும் அச்சான புத்தகத்தைப் பேசிப் பழகியவை. அதே பழக்கத்தில் முதல் பிரதியையும் முடிந்துபோன புத்தகம்போலத் தீர்ப்புச் சொல்லி விடுவார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. நீங்களே என்ன வேண்டும் என்று கேட்டால் பேச்சு மாறும்.

அதனால் வாசிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "எது மனசுல நின்னுச்சு, எங்க புரியாம போச்சு, இந்த ரெண்டு மட்டும் சொல்லுங்க." பொத்தாம்பொதுவாக 'எப்படி இருந்தது' என்று கேட்டால் பதிலும் பொத்தாம்பொதுவாகத்தான் வரும். 'கடைசியில் மருமகள் ஏன் எழுந்து போனாள் என்று தெரிந்ததா?' என்று கேட்டால் கேட்டவர்கள் கதைக்குள்ளேயே நிற்பார்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை பதில் சொல்லாமல் குறித்துக்கொண்டே வாருங்கள். கையில் பேனா இருந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்ற தவிப்பும் குறையும்.

இனி நடுக்கம். பயத்தில் மூச்சு மேலோட்டமாகிறது, தொண்டைத் தசை இறுகுகிறது, அதனால் குரல் உடைகிறது. உங்கள் முறை வருவதற்கு முன் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஐந்தாறு முறை போதும். தாளைக் கையில் பிடிக்கவேண்டாம். மெல்லிய தாள் விரல் நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும், அதைப் பார்த்து நீங்களே இன்னும் பதறுவீர்கள். பரீட்சை அட்டையில் செருகி மேசைமேல் வையுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு வரி இடைவெளி விட்டு, தாளின் ஒரு புறத்தில் மட்டும் அச்செடுங்கள். பக்க எண் போடுங்கள். சத்தமாக வாசிக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 முதல் 100 சொல் போகும், ஆகவே ஐந்து நிமிடத்துக்கு 400 சொல் தாராளம். வீட்டில் மொபைலில் நேரம் வைத்து மூன்று தடவை சத்தமாக வாசியுங்கள். நாக்கு இடறும் இடம் பெரும்பாலும் வாக்கியம் சிக்கலான இடமாகவே இருக்கும், அங்கே வெட்டுங்கள். முதல் இரண்டு வாக்கியம் மனப்பாடமாக இருக்கட்டும். நடுக்கம் உச்சத்தில் இருப்பது தொடக்கத்தில்தான், போகப் போகத் தணியும். 'எனக்கு அவ்வளவா எழுத வராது' என்ற முன்னுரை மட்டும் கூடவே கூடாது. அது கேட்பவர்களைக் குறை தேட வைக்கும்.

எதை வாசிப்பது? நாத்தனார் கதையை இப்போதைக்கு வாசிக்காதீர்கள். உங்கள் பட்டறையை எழுதுங்கள். கொலுசில் சலங்கை பற்றவைக்கிற பெண் தீயிலிருந்து கண்ணெடுக்காமல் பக்கத்து ஆளிடம் எப்படிப் பேசுகிறாள் என்பது அந்த ஆசிரியர்கள் யாருக்கும் தெரியாது, உங்களுக்குத் தெரியும். சேலத்துப் பேச்சு அப்படியே வரட்டும். உரையாடலைச் செந்தமிழாக்கச் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள், ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

நாத்தனார் கதைக்குப் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊரை வாழப்பாடிக்கு நகர்த்தினாலும் பேச்சு வழக்கமும் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த அந்த ஒரு சம்பவமும் காட்டிக்கொடுத்துவிடும். உறவுமுறை, தொழில், வயது மூன்றையும் மாற்றுங்கள். இரண்டு மனிதர்களை ஒருவராக்குங்கள். நினைத்தாலே இன்னும் கோபமோ அழுகையோ முட்டுகிற பகுதி இருந்தால் அது ஆறும்வரை நோட்டிலேயே இருக்கட்டும். கதையை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அச்சுப் பிரதி கொடுத்தால் கூட்டம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

'இது கதையே இல்லை' என்று ஒருவர் சொல்லக்கூடும், சொன்னால் வலிக்கத்தான் செய்யும். அன்று ராத்திரி நோட்டைத் திறக்காதீர்கள். இரண்டு நாள் கழித்துக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கியிருந்தால் அங்கே வேலை இருக்கிறது. ஒருவர் மட்டும் சொன்னது அவருடைய ரசனையாக இருக்கலாம். அடுத்த கதையைக் கூட்டத்துக்கு முன்பே தொடங்கிவைத்திருங்கள். ஒன்று அடிபட்டாலும் கை வைக்க இன்னொன்று இருக்கும்.

ஏற்காட்டில் நாள் முழுக்க எழுத்து முகாம் என்று யாராவது அழைத்தால் முதல் வாய்ப்பாக அதை எடுக்கவேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போன பிறகு, மனம் சரியில்லை என்று நடுவில் எழுந்து வருவது சுலபம் இல்லை. பழகிய முகங்களோடு பிறகு போகலாம்.

கூட்டத்தை நினைத்தே பல நாள் தூக்கம் போகிறது, பட்டறையிலும் ஆட்களிடம் பேசத் தவிர்க்கிறீர்கள் என்றால் அது வெறும் மேடைக் கூச்சமாக இல்லாமலும் இருக்கலாம். அப்போது ஒரு உளவியலாளரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம்.

மூன்று கூட்டம் பாருங்கள். மூன்றிலும் உள்ளே போனதைவிடச் சுருங்கி வெளியே வந்தால் குழு உங்களுக்குப் பொருந்தவில்லை. சொல்லிக்கொண்டு விலகலாம். தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்), கலை இலக்கியப் பெருமன்றம் போன்ற எழுத்தாளர் அமைப்புகள் கிளை உள்ள ஊர்களில் கூட்டம் நடத்துகின்றன, அங்கே விசாரியுங்கள். இல்லையென்றால் உங்கள் தோழியையும் சேர்த்து நான்கு பேர் போதும். மாதம் ஒரு ஞாயிறு, ஆளுக்கு ஐந்து நிமிடம் வாசிப்பு, பத்து நிமிடம் பேச்சு என்றால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.