சம்பளம் எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி

அம்மா, நோயாளிகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் வேலைக்கு உங்கள் மகள் போக நினைப்பதைப் பற்றி, "படிச்சு முடிச்சு இன்னொருத்தர் வீட்டுல ஆயா வேலையா பார்க்கணும்?" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அது கைத்திறன் வேண்டிய வேலை. படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் புண் வராமல் நேரம் தவறாமல் திருப்பிப் படுக்க வைப்பதும், மூக்குக்குழாயில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கத்தை உயர்த்திப் பிடிப்பதும் பயிற்சி இல்லாமல் வராது. கௌரவத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மகளை அனுப்பும் நிறுவனம் எப்படிப்பட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த வேலையை விட்டுப் போகிறவர்கள் பலர். குறைந்த சம்பளம் ஒரு காரணம்; கணக்கில் வராத நேரம் இன்னொன்று. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரத்துக்குப் பல இடங்களில் கூலி கிடையாது. இரவில் தங்கினால், நோயாளி எத்தனை முறை எழுப்பினாலும் அது 'தூங்கிய நேரம்' ஆகிவிடும். ஜெர்மனியில் இந்த வேலை பார்த்த ஒரு பல்கேரியப் பெண்ணின் ஒப்பந்தத்தில் வாரம் 30 மணி நேரம் என்றுதான் இருந்தது. இரவும் பகலும் தயாராக இருக்க வேண்டியிருந்தது என்று வழக்குப் போட்டார். அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்று அந்நாட்டுக் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2021இல் சொன்னது. வீட்டுப் பணியாளருக்கு வாரம் ஒருமுறை தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2011ஆம் ஆண்டு உடன்படிக்கை. அதை ஏற்ற நாடுகளை மட்டுமே அது கட்டுப்படுத்தும்.

ஆகவே நேர்காணலில் மகள் முதலில் கேட்க வேண்டியது: போன வருடம் சேர்ந்தவர்களில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? மழுப்பினால் அதுவே பதில். பயண நேரத்துக்குக் காசு உண்டா, தனியாகத் தூக்க முடியாத எடையுள்ளவருக்கு இன்னொரு ஆளோ தூக்கும் கருவியோ வருமா, நள்ளிரவில் பிரச்சினை என்றால் போனை எடுப்பது யார் என்றும் கேட்கட்டும். பலர் கேட்கத் தயங்குவது ஒன்று: நோயாளி இறந்துவிட்டால் அல்லது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் மறுநாள் சம்பளம் என்ன ஆகும்? நல்ல நிறுவனம் வேறு வீடு கிடைக்கும்வரை ஒரு தொகை தரும். மற்ற இடங்களில் வேலை அன்றோடு முடியும்.

நெதர்லாந்தில் 2006இல் தொடங்கிய பூர்ட்ஸோர்க் என்ற, வீடு தேடிப் போய் நோயாளிகளைப் பராமரிக்கும் அமைப்பில் அதிகபட்சம் 12 பேர் கொண்ட குழுக்கள் தங்கள் அட்டவணையைத் தாங்களே போட்டுக்கொள்கின்றன. அவ்வளவு சுதந்திரம் எல்லா இடத்திலும் கிடைக்காது, சரி. அடுத்த வார அட்டவணை இந்த வாரமே கைக்கு வருமா என்றாவது கேட்கலாம் அல்லவா?

வாய்ப்பேச்சு வேண்டாம், எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். சேர்ந்த பிறகு, வந்த நேரம், போன நேரம், இரவில் எழுந்த நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வரச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மூன்றாம் மாதம் எனக்கு எழுதுங்கள்.