முதல் செமஸ்டருக்கு என்னென்ன எடுப்பது? அமெரிக்கா கிளம்புகிறவர்களுக்கான கேள்வி பதில்

ஜூலை பிறந்தால் இதே கேள்விகள்தான் வரும். ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நானும் இங்கே எம்.எஸ். படித்தவள்தான். இப்போது ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் பாடத்தேர்வில் ஆலோசனை சொல்வது என் வேலை. டைம்டேபிள் பற்றி மட்டும் கேளுங்கள். லோன், ரேங்கிங், ரூம்மேட் எல்லாம் வேண்டாம்.

மதுரை எம்.எஸ்.: அக்கா, முழுநேர மாணவருக்கு 9 கிரெடிட் போதும் என்கிறார்கள். வாரத்துக்கு ஒன்பது மணி நேரம்தானே? பி.இ.யில் தினமும் ஏழு பீரியட் உட்கார்ந்தவர்கள் நாங்கள்.

இந்த ஏழு பீரியட் கணக்கை விமானம் ஏறும் முன்பே மறந்துவிடுங்கள். ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பு, அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேரம் சொந்த வேலை. இது இங்கே அரசு விதியிலேயே இருக்கும் கணக்கு. அப்படியானால் 9 கிரெடிட் என்பது 27 மணி நேரம். அதற்கு மேல் டி.ஏ. (பேராசிரியருக்குப் பாடம் நடத்த உதவுவது) வேலையோ கேன்டீன் வேலையோ கிடைத்தால் வாரம் 20 மணி நேரம் வரை போகும் (வகுப்புகள் நடக்கும் காலத்தில் எஃப்-1 என்கிற மாணவர் விசாவுக்கு அதுதான் உச்சவரம்பு). ஆக 47. சமையல், துணி துவைப்பது, பஸ்ஸுக்குக் காத்திருப்பது எதுவும் இதில் வரவில்லை.

ஒரு வெள்ளைத்தாளில் ஏழு நாளுக்கும் கட்டம் போட்டு முதலில் வகுப்பை எழுதுங்கள். அடுத்து ஹோம்வொர்க் செய்யும் நேரத்தையும் வகுப்பு மாதிரியே கட்டத்துக்குள் எழுதுங்கள். புரோகிராமிங் பாடமென்றால் ஞாயிறு இரவு 11.59க்குள் சமர்ப்பிக்கச் சொல்லும் பேராசிரியர்கள் நிறைய. மூன்று பாடத்துக்கும் அதே 11.59 என்றால் உங்கள் சனிக்கிழமை எங்கே போகும் என்று தாளே காட்டிவிடும்.

இன்னொன்று, இரண்டு வகுப்புக்கு நடுவே உள்ள இடைவெளி. என் முதல் செமஸ்டரில் ஒரு வகுப்பு முடிந்து அடுத்தது தொடங்க பத்து நிமிடம். இரண்டு கட்டடமும் வளாகத்தின் இரண்டு கோடியில். செப்டம்பரில் சமாளித்தேன். நவம்பரில் பனி விழுந்ததும் கையுறையைக் கழற்றிக்கொண்டே கடைசி வரிசையில் போய் உட்காருவேன், மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து பலகை தெரியாது. பதிவு செய்யும் முன் வளாக வரைபடத்தில் கட்டடத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

ஈரோடு அம்மா: மகள் பி.எஸ். சேர்கிறாள். குறைந்தபட்சம் 12 கிரெடிட் என்று போட்டிருக்கிறது. முதல் செமஸ்டர் என்பதால் 12 போதுமா? நானே பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாமா?

12 என்பது விசாவுக்கு. பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட் வேண்டும், எட்டு செமஸ்டரில் வகுத்தால் 15 வருகிறது. முதல் தடவை 13, 14 எடுத்தால் தப்பில்லை, எல்லா செமஸ்டரும் 12 என்று ஓட்டினால் நாலு வருஷத்தில் முடியாது. அப்புறம், எந்த நிலைக் கணிதத்தில் சேர்வது என்று பார்க்கும் பிளேஸ்மென்ட் தேர்வை அவளே, உதவியில்லாமல் எழுதட்டும். பக்கத்தில் யாரோ உட்கார்ந்து உதவி, தகுதிக்கு மேல் உள்ள கால்குலஸில் போய் விழுந்த பிள்ளைகளை ஒவ்வொரு அக்டோபரிலும் என் அறையில் பார்க்கிறேன். கால்குலஸ் தடுக்கினால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இயற்பியலும் அடுத்த கணிதமும் சேர்ந்து தள்ளிப்போகும்.

இரண்டாவது கேள்விக்கு: வேண்டாம்மா. மாணவர் எழுத்தில் சம்மதம் தராமல் பொதுவாக மதிப்பெண்ணைக்கூடப் பெற்றோரிடம் சொல்லமாட்டார்கள். அவளே அட்வைசரோடு பேசிப் பழகட்டும்.

தூக்கம் வராதவன்: காலை 8 மணி வகுப்பு எடுக்கலாமா?

எழுந்திருப்பீர்கள் என்றால் எடுக்கலாம்.

தாம்பரம் லோக்கல்: வாரம் ஒரே நாள், மாலை 6 முதல் 8.45 வரை ஒரு வகுப்பு. ஒரே நாளில் முடிகிறதே, நல்லதுதானே?

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் ஒரு வாரப் பாடம் மொத்தமும் போச்சு என்பதையும் நினைவில் வையுங்கள்.

சேலம் சீனியர்: கேள்வி இல்லை, மறுப்பு. எங்கள் யுனிவர்சிட்டியில் 9க்கு மேல் 12 வரை ஒரே ஃபீஸ்தான். நான் முதல் செமஸ்டரிலேயே நாலு பாடம் எடுத்து 12 + 9 + 9 என்று மூன்றே செமஸ்டரில் 30 கிரெடிட் முடித்தேன். ஒரு செமஸ்டர் வாடகை மிச்சம். பிள்ளைகளை ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

அன்லிமிடெட் மீல்ஸ் என்பதற்காக நாலு தடவை சாதம் வாங்குகிற கதை இது. நாலு பாடம் என்றால் 36 மணி நேரம், வேலையோடு 56. உங்களால் முடிந்தது, சந்தோஷம். முடியாதவர்கள் இங்கே வந்து மறுப்பு எழுதமாட்டார்கள்.

திருச்சி தயிர்சாதம்: நான் எழுதுகிறேன் அக்கா. நாலு எடுத்தேன். மூன்றில் பி, ஒன்றில் சி.

சொல்லவே வேண்டாம், சராசரி 4க்கு 2.75. எம்.எஸ்.ஸில் பெரும்பாலான இடங்களில் 3.0க்குக் கீழே போனால் புரொபேஷன், அதாவது எச்சரிக்கைப் பட்டியல். அந்த ஒரு சியைத் தூக்கி நிறுத்த ஒரு ஏ வேண்டும்.

சேலம் சீனியர்: அதற்காக மூன்றாவது செமஸ்டரில் நாலு எடுக்கச் சொல்வீர்களா? செப்டம்பரில் வேலை மேளா, அப்புறம் வரிசையாக இன்டர்வியூ. அப்போது 12 கிரெடிட்டை வைத்துக்கொண்டு அழ வேண்டியதுதான். அதனால்தான் முதலிலேயே முடிக்கச் சொல்கிறேன்.

இது நியாயமான பேச்சு. ஆனால் நடுவில் ஒரு செமஸ்டர் இருப்பதை மறந்துவிட்டீர்களே. 9 + 12 + 9. அதே 30, அதே வாடகை மிச்சம். ஜனவரியில் உங்களுக்குப் பேராசிரியரின் பேச்சு புரியும், எந்தப் பாடம் எவ்வளவு இழுக்கும் என்று தெரியும், குக்கரில் எத்தனை விசில் என்றும் தெரியும்.

சேலம் சீனியர்: இரண்டாவது செமஸ்டரில் எல்லாப் பாடமும் கிடைக்காது. சிலது ஆகஸ்டில் மட்டும்தான் நடக்கும்.

உண்மை. அதைத் துறையின் பாட அட்டவணையில் பார்த்துவிட்டு, ஆகஸ்டில் மட்டும் நடப்பதை முதலில் எடுங்கள். சரி, ஒரு சமாதானம்: நாலு பதிவு செய்யுங்கள், முதல் வாரம் நாலுக்கும் போங்கள், பாடத்திட்டத் தாளில் தேர்வு, புராஜெக்ட் தேதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள், பாடத்தைச் சேர்க்கவோ விடவோ தரும் ஆட்-டிராப் கெடு முடிவதற்குள் ஒன்றை விடுங்கள். அந்தக் கெடுவுக்குள் விட்டால் மதிப்பெண் பட்டியலில் சுவடே இருக்காது. கெடு தாண்டினால், பாதியில் விலகியதற்கான டபிள்யூ விழும்.

கோவை குளிர்: பிடிக்காத பாடத்தை எப்போது வேண்டுமானாலும் டிராப் பண்ணலாம்தானே?

இதற்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். என்னோடு படித்தவர் ஒருவர் அக்டோபரில் மிட்-டெர்ம் சொதப்பியதும் இரவு பதினொன்றரைக்குப் போர்ட்டலில் ‘டிராப்’ அமுக்கிவிட்டுத் தூங்கினார். 9, 6 ஆனது. போர்ட்டல் ஒன்றும் கேட்கவில்லை, ஏனென்றால் பட்டனுக்கு உங்கள் விசா தெரியாது. மூன்று வாரம் கழித்து வந்த மின்னஞ்சலில் செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடு) பதிவு ரத்து என்றிருந்தது. அதைத் திரும்பப் பெற விண்ணப்பம், கட்டணம், மாதக்கணக்கில் காத்திருப்பு. முதல் நாளே டிஎஸ்ஓவிடம் (வெளிநாட்டு மாணவர்களின் விசா விஷயத்தைப் பார்க்கும் பல்கலைக்கழக அலுவலர்) போயிருந்தால், இங்குள்ள கற்பிக்கும் முறை புதிது, தவறான நிலையில் சேர்ந்துவிட்டேன் போன்ற காரணங்களுக்கு ஒரு தடவை குறைந்த பாடச்சுமை அனுமதி உண்டு. அனுமதி முதலில், டிராப் அப்புறம்.

வேலூர் வெயில்: மூன்றையும் ஆன்லைனில் எடுத்தால் பஸ் செலவு மிச்சம்...

எஃப்-1க்கு ஒரு ஆன்லைன் பாடம், அதாவது 3 கிரெடிட் மட்டுமே முழுநேரக் கணக்கில் சேரும். டிஎஸ்ஓ.

பெயர் வேண்டாம்: முதல் செமஸ்டரிலேயே சிபிடி கிடைக்குமா?

சிபிடி, அதாவது படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சிக்கான அனுமதிக்கு, பொதுவாக ஒரு கல்வியாண்டு முடிய வேண்டும். இது டைம்டேபிள் கேள்வியும் இல்லை. டிஎஸ்ஓ, டிஎஸ்ஓ, டிஎஸ்ஓ.

காஞ்சி பட்டு: எந்தப் பேராசிரியர் ஈசி?

தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டேன்.

இரவுக் கோழி: 8 மணி வகுப்பு...

மேலே போய்ப் படியுங்கள்.

நெல்லை அல்வா: அக்கா, மூன்றாவது பாடத்தில் வெயிட்லிஸ்ட் 4. ஆர்ஏசி மாதிரி நினைத்துக்கொண்டு இருக்கலாமா?

ஆர்ஏசியில் உட்காரவாவது இடம் உண்டு. இது வெறும் டபிள்யூஎல். வெயிட்லிஸ்ட்டில் நிற்கும் பாடம் உங்கள் 9இல் சேராது, அதனால் இடம் இருக்கும் வேறொரு பாடத்தை இன்றே மூன்றாவதாகப் பதிவு செய்து வையுங்கள். முதல் வகுப்புக்கு நேரில் போய், முடிந்ததும் பேராசிரியரிடம் பெயரும் வரிசை எண்ணும் சொல்லுங்கள். முதல் வாரத்தில் சேலம் சீனியர் மாதிரி நாலு எடுத்தவர்கள் ஒவ்வொருவராக ஒன்றை விடுவார்கள்.

நெல்லை அல்வா: போர்ட்டல் நாளை காலை 8 மணி சென்ட்ரல் நேரத்துக்குத் திறக்கிறது. நம்ம ஊரில்?

நாளை மாலை 6.30. ஆறே காலுக்கே லாகின் செய்துவிடுங்கள். தடுப்பூசிச் சான்று ஏற்றாததால் கணக்கில் ஹோல்ட் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், இருந்தால் பதிவு செய்யவே விடாது.