டிராக்மேனியா ட்ரிக் மேப்புகளுக்கு ஸ்டியரிங் வீல் வாங்கலாமா?

வாங்க வேண்டாம். டிராக்மேனியா என்ற கார்ப் பந்தயக் கணினி விளையாட்டில், யூபர்பக் (விளையாட்டின் பௌதிகத்தில் உள்ள ஒரு பிழை) உள்ள ட்ரிக் மேப், அதாவது வித்தை காட்டிக் கடக்கும் ஓடுபாதை, ஒன்றும் முடியவில்லை, வீல் இருந்தால் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த விளையாட்டில் கைதேர்ந்த ஆட்கள் பெரும்பாலும் கீபோர்டிலோ கேம்பேடிலோதான் ஓட்டுகிறார்கள். அனேகமாக நீங்களும் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து மறுபடி தொடங்க டிலீட் கீயைத் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இதில் அதிர்ஷ்டம் என்று ஒன்றில்லை. அதே மேப்பில் அதே கீயை அதே நேரத்தில் அழுத்தினால் கார் அச்சுப் பிசகாமல் அதே இடத்தில்தான் விழும். முன் கீயை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் தானே குட்டிக்கரணம் அடித்து முடிவுக்கோட்டைத் தொடும் மேப்புகள் இருப்பது இதனால்தான். ஆனால் விளையாட்டு நொடிக்கு 100 தடவை கணக்குப் பார்க்கிறது. நொடியில் நூறில் ஒரு பங்கு பிந்தினாலும் வேறு கதை.

திருகோணமலை உவர்மலையில் வீட்டு மாடியில் இருந்து நான் மல்லுக்கட்டிய மேப் ஒன்று. சுவர் விளிம்பில் சக்கரம் சரியான கோணத்தில் பட்டால், ஓடிவந்த வேகம் அப்படியே திசைமாறி, கார் பின்னால் உள்ள மேடைக்குப் பறக்கும்; அதுதான் யூபர்பக். கொஞ்சம் தவறினால் சுவரோடு அப்பிக்கொண்டு நிற்கும். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் மகன், "சித்தப்பா, சுவர் இல்லாத றோட்டில ஓடுங்களேன்" என்றான்.

கவுண்ட்டவுன் போகும்போதே முன் கீயை அழுத்திவிடுவேன். புறப்பாடு எப்போதும் ஒன்றாகிவிடும். பாதையின் இரண்டு பிளாக்குகள் (துண்டுகள்) சேரும் கோடு காரின் மூக்குக்குக் கீழே மறையும்போது வலப்பக்கம் ஒரு தட்டு. அதன்பின் சுவர் தன் வேலையைப் பார்க்கும். அந்தக் கோட்டில் வேகம் வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால் உடனே டிலீட், சுவர்வரை போகவே மாட்டேன். பறக்கும்போது கார் சுழன்றால் பிரேக்கை ஒருமுறை தொட்டால் போதும், சுழற்சி நின்றுவிடும்.

யூபர்பக்கைப் பாவிப்பது களவு என்று யாரும் வர முன் சொல்லிவிடுகிறேன்: எல்லோருக்கும் அதே பௌதிகம்தான். விளையாட்டை மெதுவாக்கி ஓட்டுவதுதான் களவு. 2021இல் பழைய சாதனைகள் பல, கீ அழுத்தல் பதிவுகளை ஆராய்ந்தபோது அப்படித்தான் பிடிபட்டன. நான் சாதனைக்காரன் என்று சொல்லவில்லை, மேப்பை முடித்தவன், அவ்வளவுதான்.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். 2020இல் வந்த பதிப்புக்கு இணையம் வேண்டும். எங்கள் பாக்கேஜிலோ பெரும்பகுதி டேட்டா இரவு 12 மணிக்குப் பிறகுதான். காலையில் வேலைக்குப் போகிறவன் ஆந்தையா? பகல் டேட்டா மாதம் முடிய முன் தீரும், இரவு டேட்டா தொடாமலே காலாவதியாகும். கேட்டால், "அதுதான் சேர், ஒஃபர்" என்கிறார்கள்.

சரி, காசு கையில் இருந்தால் நல்ல கீபோர்ட் வாங்குங்கள்; இங்கே உப்புக்காற்றில் என்னுடைய வலது அம்புக்குறி இப்போதே ஒட்டுகிறது. அப்புறம் ஆக்‌ஷன் கீகளை அமைத்துக்கொள்ளுங்கள். அவற்றால் கார் முழுத் திருப்பத்துக்குப் பதில் 20, 40, 60, 80 வீதம் என்று அளவாகத் திரும்பும். மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் லேசாகச் சறுக்கி வேகம் ஏற்றும் ஸ்பீட்ஸ்லைட் மேப்புகளை அதற்குப் பிறகு தொடுங்கள்.