பண்ணைக்கீரையை டவுனில் விற்க முடியுமா?

கேள்வி: எங்கள் மானாவாரிக் காட்டில் மழை பெய்தால் பண்ணைக்கீரை தானாக முளைத்துக் கிடக்கிறது. சத்தான கீரை என்கிறார்கள். இதற்குச் சந்தை உண்டா? இல்லையென்றால் எப்படி உண்டாக்குவது?

பதில்:

முடியும். நான் விற்கிறேன். ஆனால் "சத்தான கீரை" என்று ஆரம்பித்திருக்கிறீர்களே, அங்கேதான் நானும் சறுக்கினேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்களுக்கு மானூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் மானாவாரி. புரட்டாசியில் உளுந்து விதைத்தால் ஐப்பசியில் உளுந்தை முந்திக்கொண்டு பண்ணைதான் நிற்கும். களையெடுக்க வரும் பெண்கள் சாயங்காலம் மடி நிறையக் கிள்ளிக்கொண்டு போவார்கள், மிச்சம் வரப்பில் கிடந்து காயும். நாலு வருஷத்துக்கு முன்னால் உளுந்து மழையில் கெட்டு, கையில் காசில்லாமல் இருந்த நேரத்தில், இதையே கட்டாகக் கட்டிப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனால் என்ன என்று தோன்றியது. மாமியாரிடம் சொன்னேன். "களையைக் கொண்டுபோய் விக்கப் போறியாளா? ஊரு சிரிக்காதா?" என்றார்கள். அவர்கள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அரிசி இல்லாத நாளில் கம்பங்கூழும் இந்தக் கீரையும்தான் சாப்பாடாம். அத்தைக்கு அது கீரை இல்லை, அந்தக் கஷ்டகாலமேதான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார், தயாராக இருங்கள்.

முதல் நாள் 40 கட்டு கொண்டுபோனேன். மகாராஜநகர் பக்கம் ஒரு தெருமுனையில் சாக்கை விரித்து, அட்டையில் "இரும்புச்சத்து, கண்ணுக்கு நல்லது, மூட்டுவலிக்கு நல்லது" என்று மகனை விட்டு எழுதி வைத்தேன். மூட்டுவலி எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், எல்லாக் கீரைக்கும் எழுதுகிறார்கள், நானும் எழுதினேன். விற்றது ஆறு கட்டு. ஒரு அம்மா "எத்தனை நாள் சாப்பிடணும்?" என்று கேட்டு வாங்கினார், ஒருவர் மூலத்துக்கு ஆகுமா என்று கேட்டு வாங்கினார். மருந்து என்று வாங்கியவர்கள் மருந்து மாதிரியே நிறுத்தியும் விட்டார்கள். மிச்சக் கட்டெல்லாம் பக்கத்து டீக்கடைக்காரர் ஆட்டுக்குப் போனது. மொத்தக் கமிஷன் கடை ஒன்றில் கேட்டுப் பார்த்தேன், அண்ணாச்சி "பேர் தெரியாத சரக்கும்மா" என்று கட்டுக்கு 4 ரூபாய் சொன்னார். பறித்த கூலிக்கே காணாது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வண்டியை நிறுத்தி, ஒரு கொழுந்தைக் கிள்ளி முகர்ந்து பார்த்து, "பண்ணையா? பூக்கு முன்னாலேயே கிள்ளிருக்கியே" என்றார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். முப்பது வருஷமாகக் கண்ணால் பார்க்கவில்லையாம். மூன்று கட்டு வாங்கினார். மறுநாள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார், இரண்டு பேருமே கயத்தாறுப் பக்கம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாளையில் வீடு கட்டி உட்கார்ந்திருக்கிற எத்தனையோ பேர் கரிசல்காட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், அவர்கள் நாக்கு இன்னும் அங்கேதான் இருக்கிறது. தெரியாதவருக்குச் சத்துப் பாடம் எடுப்பதை விட்டுவிட்டு, சின்ன வயதில் தின்றவரை முதலில் தேடுங்கள். அட்டையை மாற்றி "கரிசல்காட்டுப் பண்ணைக்கீரை" என்று மட்டும் எழுதினேன், அந்த ஐப்பசி முடிவதற்குள் தினம் 30 கட்டு, கட்டு 15 ரூபாய்.

என் தம்பி நைரோபியில் கணக்கு வேலை பார்க்கிறான். இதைச் சொன்னதும் சிரித்தான். அங்கே நம் மிளகுதக்காளிக்குப் பங்காளியான ஒரு கீரையை மனாகு என்றும், நாம் களையென்று பிடுங்கிப் போடும் தைவேளையை சாகா என்றும் சொல்லி சூப்பர் மார்க்கெட்டிலேயே விற்கிறார்களாம். அதுவும் ஒரு காலத்தில் பட்டிக்காட்டு ஏழைச் சாப்பாடு என்று டவுன்காரர்கள் ஒதுக்கியதுதான். நைஜீரியாவில் பண்ணைக்கீரையையே பாத்தி போட்டுப் பயிர் செய்கிறார்கள், சோக்கோ என்று பெயர். இதை அத்தையிடம் சொன்னேன், "அங்கயும் பஞ்சமா?" என்று கேட்டார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். பூ வந்துவிட்டால் இலை சிறுத்து லேசாகக் கசக்கும், அதற்கு முன்னால் கொழுந்தாகக் கிள்ள வேண்டும். வேரோடு பிடுங்கிக் கட்டாதீர்கள், மண்ணைப் பார்த்தாலே டவுன் வீட்டில் வாங்க மாட்டார்கள். விடியுமுன் பறித்து ஈரச் சாக்கில் சுற்றினால் ஒன்பது மணி வரை தாங்கும், அதற்குமேல் பாவம்போலத் துவண்டுவிடும். சாப்பிட்டே அறியாதவர்களுக்கு, பாசிப்பருப்பும் பூண்டும் பச்சைமிளகாயும் போட்டுக் கடைந்து, சின்ன வெங்காயம் தாளித்து, தூக்குவாளியில் கொண்டுபோய் ஒரு கரண்டி கையில் கொடுத்துவிடுங்கள். என்னால் முடிந்த விளம்பரம் அவ்வளவுதான். அப்புறம், மழைக்கீரை இரண்டு மாதத்தில் முடிந்துவிடும், ஆள் பழகும்போது சரக்கு இல்லையென்றால் மறந்துவிடுவார்கள். நான் கிணற்றடியில் இரண்டு பாத்தியில் விதையை மணலோடு கலந்து தூவி, மாசி வரை ஓட்டுகிறேன். விதை பொடிப்பொடியாகக் கறுப்பாக இருக்கும், நாலைந்து வாரத்தில் முதல் வெட்டு.

வேளாண்மை படித்தவர்கள் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன்: உளுந்துக்குள் இதை விதை விழ விடச் சொல்லவில்லை, அது கெட்ட களைதான், பக்கத்துக் காட்டுக்காரர் என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை. களைக்கொல்லி அடித்த இடத்தில் பறிக்கவே பறிக்காதீர்கள். இதில் ஆக்சலேட் என்ற, கல் உண்டாக்கக்கூடிய உப்பு உண்டு, சிறுநீரகக் கல் இருப்பவர் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும். இதில் பங்களா கட்டலாம் என்றும் நான் சொல்லவில்லை. பிள்ளைகள் ஃபீஸுக்கு ஆகிறது.

சம்பந்தமில்லாமல் ஒன்று. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, நல்ல விஷயம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் காலை ஐந்தரை பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் நாலு பொம்பளைகள் மட்டும் நின்றால் டிரைவர் ஐம்பது அடி தள்ளிப்போய் நிறுத்துவார், சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒரு நாள் கண்டக்டர் "ஓசியில வந்துட்டு மூட்டை வேறயா" என்றார். மூட்டைக்குக் காசு கொடுத்துத்தான் ஏறினேன், அந்த டிக்கெட்டை இன்னும் வைத்திருக்கிறேன். இப்போது பழைய டிவிஎஸ் எக்ஸெல் ஒன்று வாங்கிவிட்டேன், அதற்கும் கீரைக் காசுதான்.

நீங்கள் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. திருநெல்வேலிப் பக்கம் என்றால் விதை தருகிறேன். அத்தைதான் இப்போது உலர்த்திப் பாட்டிலில் போட்டு வைக்கிறார்கள்.